உப்பு ஜாடியைக் கேளுங்கள்

திருவான்மியூரில் என் மகள் வீட்டுச் சமையலறையில் கல் உப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. மேலே உள்ள உப்பு நனைந்த மணல்போலக் கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது. நேற்று மாலை வாங்கிய முறுக்கு இன்று காலை நமத்துவிட்டது. பூஜை அலமாரியின் கதவு ஐப்பசி மழையில் உப்பியது, இன்னும் சட்டத்தில் மாட்டுகிறது. இந்தச் சமையலறையிலிருந்து பதினைந்தடி தள்ளிப் படுக்கையறையில், வெள்ளை யானைக்குட்டி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கருவி தும்பிக்கை வழியாகப் புகைபுகையாக ஈரத்தை ஊதிக்கொண்டிருந்தது.

பேரனுக்கு ஏழு மாதம். மூக்கடைப்பு. "ஏ.சி. ரூம்ல காத்து வறண்டு போயிருமாம்ப்பா. ஹியூமிடிஃபயர் இல்லாம குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள் மகள்.

அந்த எல்லாரும் யார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்து ஃபிளாட் அம்மா. அடுக்ககத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு. குழந்தைச் சாமான் கடைப் பையன். நியூ ஜெர்சியிலிருந்து வந்துபோன மாப்பிள்ளையின் சித்தி. நால்வரும் சொன்னது ஒன்றே: ஏ.சி. ஓடும் வீட்டில் காற்று வறளும், வறண்ட காற்று குழந்தைக்கு ஆகாது, ஆகவே ஹியூமிடிஃபயர் கட்டாயம். இது இன்று சென்னையின் நடுத்தர வர்க்கத்து வேதவாக்காகிவிட்டது. சீமந்தத்துக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்த இடத்தில் இப்போது இந்த யானையைக் கொடுக்கிறார்கள். ஒருவர்கூட அந்த அறைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் வேலை பார்த்தவன் நான். காற்றில் ஈரம் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. வீட்டு யானை மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் ஊதும்; எங்கள் பிளான்ட்டின் ஏர் வாஷரில் வரிசை வரிசையாக நாசில்கள் மழையே பெய்யும், அதன் வழியே ஆளுயர விசிறிகள் காற்றை இழுத்து டக்ட்டில் தள்ளும். பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்குக் கட்டுப்பட்டது. ஈரம் குறைந்தால் இழை முறுகும், நிலைமின்சாரம் ஏறும், பஞ்சுத் தூசி பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். லாப்பிங் என்போம். ரிங் ஃபிரேமுக்கு 55 முதல் 60 சதவீதம், கோன் சுற்றும் இடத்துக்கு அதற்கும் கொஞ்சம் மேல் என்று துறைக்கொரு கணக்கு. ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லே நூற்பாலையில் பிறந்ததுதான். 1906ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர் ஆலைக்காற்றில் ஈரம் ஏற்றும் வேலைக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். அவருக்கு நாலு வருஷம் முன்பு, 1902ல், புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊறி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவிதான் இன்றைய ஏ.சி.யின் பாட்டன். ஒன்று ஈரம் ஏற்ற, மற்றது ஈரம் இறக்க. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அளவு. 1911ல் கேரியர் வெளியிட்ட காற்று–ஈர வரைபடத்தின் வழிவந்த ஒரு தாள் எங்கள் பிளான்ட் அறைச் சுவரில் எண்ணெய்க் கறையோடு தொங்கும்.

இரண்டு மணிக்கொரு தரம் டிரை பல்ப், வெட் பல்ப் இரண்டையும் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெட் பல்ப் என்றால் ஒன்றுமில்லை, ஈரத்திரி சுற்றிய தெர்மாமீட்டர். திரியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக அதன் அளவு இறங்கும். காற்று வறண்டிருந்தால் இரண்டுக்கும் இடைவெளி அதிகம். ஈரமாக இருந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். அந்த இடைவெளியைப் பார்க்காமல் நாசிலில் கை வைத்தால் சீட்டு கிழிந்துவிடும்.

ஒரே ஒரு தடவை கை வைத்தோம். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வீசும் நாட்கள். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் பல்லடம் ரோட்டில் மொபெட்டில் பத்து மைல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவர், உதட்டைத் தடவிக்கொண்டே உள்ளே நுழைந்தார். "என்னப்பா, காத்து இப்பிடி வறண்டு கெடக்குது! ஸ்பிரேயை முழுசாத் தெற" என்றார். "இடைவெளி கம்மியா இருக்குதுங்க, பார்த்துட்டு..." என்று இழுத்தேன். "எனக்குத் தெரியாதா? ஒதடு வெடிச்சுக் கெடக்குது" என்றார். திறந்தேன். விடியும் வரை ஃபிரேமுக்கு ஃபிரேம் ரோலரில் லாப்பிங். கொக்கிக் கத்தியால் பஞ்சை வெட்டி வெட்டி எடுத்த பெண்கள் என்னைத் திட்டியது இன்றும் காதில் இருக்கிறது. மாஸ்டரின் உதடு வெடித்தது நிஜம். வெடிக்க வைத்தது வேகம். ஈரக்குறைவு அதற்குப் பொறுப்பே இல்லை. கேரளத்து மழையைச் சுமந்துவரும் காற்றுகூட வேகமாகப் படும்போது தோலின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். உடம்பு உணரும் வறட்சியும் காற்றின் வறட்சியும் இரண்டு வேறு சங்கதிகள் என்று அன்றைக்கு எழுதிவைத்துக்கொண்டேன்.

சென்னைப் படுக்கையறைகளில் இப்போது நடப்பது அந்த மாஸ்டர் செய்த அதே தப்பு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார். பொறியாளர், விவரமானவர். "மாமா, ஏ.சி. பைப்புல ராத்திரி பூரா தண்ணி சொட்டுதே. அது ரூம் காத்துல இருந்து உறிஞ்சின தண்ணிதானே? அப்ப காத்து வறண்டுதானே ஆகணும்?"

தண்ணீர் காற்றிலிருந்து வந்தது என்பது சரி. வறண்டுதான் ஆக வேண்டும் என்பது தவறு. கிணற்றிலிருந்து நாலு வாளி இறைத்தால் கிணறு வற்றிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். பார்க்கலாம். வெளியே 30 டிகிரி, 75 சதவீத ஒப்பு ஈரப்பதம்; கடலோரச் சென்னைக்கு இது சாதாரண இரவு. அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் ஒன்பதடி என்றால் முப்பது கன மீட்டர். அதாவது ஏ.சி. போடுவதற்கு முன் அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. ஏ.சி. அதில் பாதியை இறக்குகிறது. 24 டிகிரியில் 50 சதவீதம் என்றால் கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம். இது பாலைவனமா? கட்டடத்துக்குள் ஈரப்பதம் 60ஐத் தாண்டக் கூடாது, 30க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் ஏ.சி. அறை அந்த வரம்பின் மேல்விளிம்பில் நிற்கிறது. வறட்சிக்கு அது பக்கத்து ஊர்கூட இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வீட்டு ஏ.சி.யால் காற்றை இஷ்டத்துக்கு உலர்த்த முடியாது. அதற்கு ஒரு தரைமட்டம் இருக்கிறது. கூலிங் காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ஈரம் இறங்கும். காயில் 10 முதல் 12 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரியில் நிறைந்த காற்றில் கன மீட்டருக்கு 9.4 கிராம் நீர் நிற்கும். அதற்குக் கீழே அந்தக் காயிலால் இறக்க முடியாது. அதே காற்று அறைக்குள் வந்து 24 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 41 சதவீதம். 12 டிகிரிக் காயில் என்றால் 47. இது கணக்கின்படி கடைசிப் படி. நடைமுறையில் அங்கேயும் போவதில்லை. கதவைத் திறந்து மூடுகிறோம், ஜன்னல் இடுக்கில் கடற்காற்று நுழைகிறது, படுத்திருப்பவர்கள் மூச்சிலும் தோலிலுமாக ஆளுக்கு ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் நீரைக் காற்றுக்குக் கொடுக்கிறார்கள். அம்மா, அப்பா, குழந்தை என்று மூன்று பேர் படுக்கும் அறையில் ஏற்கெனவே மூன்று ஹியூமிடிஃபயர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர் ஏ.சி. வேகம் தணிந்து ஓடும்போது காயில் அவ்வளவு குளிர்வதும் இல்லை. ஈரம் இறங்குவதும் குறைகிறது. மகள் அறையில் விடிகாலை இரண்டு மணிக்கு ஈரம் அளக்கும் மீட்டரைப் பார்த்தேன். யானை அணைந்திருந்தது, ஏ.சி. 25ல் ஓடியது. 54 சதவீதம். யானையை ஓடவிட்ட மறுநாள் அதே நேரம் 68. எங்கள் மாஸ்டர் பார்த்திருந்தால் ஷிஃப்டையே நிறுத்தியிருப்பார்.

யானை ஊதிய நீரில் இன்னொரு பங்கு ஏ.சி. பைப் வழியாக வெளியே போனது. ஒரு மூலையில் ஊற்று, மறுமூலையில் வடிகால்!

அப்படியானால் காலையில் தொண்டை ஏன் காய்கிறது? பொய் சொல்கிறார்களா என்று கேட்கலாம். இல்லை, காய்கிறது. காரணம் வேறு. ஏ.சி.யின் வாய்க்கு நேரே கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். இரவு முழுக்க அது மொபெட் காற்று. 18ல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குகிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் புது ஏ.சி.களைப் போட்டவுடன் 24ல் நிற்கும்படி செய்ய வேண்டும் என்று அரசே விதி போட்டிருக்கிறது. நம் ஆட்கள் ரிமோட்டை எடுத்ததும் செய்யும் முதல் வேலை அதைக் குறைப்பது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி எத்தனை மாதம் என்று கேட்டால் பதில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கடைப்பு. மூக்குதான் உடம்பில் இயற்கை வைத்த ஹியூமிடிஃபயர். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, நனைத்து, நுரையீரலுக்கு அனுப்பும். அது அடைத்தால் வாயால் மூச்சுவிடுகிறோம். வாயால் மூச்சுவிட்டால் மழைக்காட்டில் படுத்தாலும் தொண்டை காயும். குழந்தைக்குப் பாலூட்டுவதற்குச் சற்று முன் இரண்டு சொட்டு உப்பு நீர் மருந்து மூக்கில் விடுவது ஐம்பது, அறுபது ரூபாய்ச் சமாச்சாரம். யானை மூவாயிரம்.

மூக்கு ஏன் அடைக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சளிக் கிருமி ஒரு காரணம். ஒவ்வாமை இன்னொன்று. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணி இதில் பெரிய புள்ளி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிராணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே பிழைக்கிறது. ஒப்பு ஈரப்பதம் 50க்குக் கீழே தொடர்ந்து நின்றால் காய்ந்து சாகும். 70ஐத் தாண்டினால் அதற்குக் கல்யாண வீடு. ஈரத்தை ஏற்றினால் உண்ணி பெருகும். உண்ணியின் கழிவு மூக்கை அடைக்கும். அடைத்தால் வாய் மூச்சு. வாய் மூச்சில் தொண்டை காயும். தொண்டை காய்ந்தால் யானையின் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருப்புவார்கள். எலி பிடிக்கப் பூனை வாங்கி, பூனைக்குப் போடுவதற்காக எலி வளர்க்கிற கதை.

சித்தி சொன்னதுக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊருக்கு அது உண்மை. என் அக்கா மகள் டொரன்டோவுக்குக் கிழக்கே ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் 10 என்றால், அந்தக் காற்று நீரால் முழுக்க நிறைந்திருந்தாலும் கன மீட்டருக்கு இரண்டரைக் கிராம்கூட இல்லை. குளிர்ந்த காற்றால் அவ்வளவுதான் சுமக்க முடியும். அதை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 11 சதவீதத்துக்கு வந்துவிடும். கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், வீணையின் பலா மரம் விரிசல் விடும். அவள் வீட்டு அடித்தளத்தில் ஃபர்னஸோடு சேர்ந்தே ஹியூமிடிஃபயர் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதில்லை. மைனஸ் 20க்கு இறங்கும் நாட்களில் உள்ளே ஈரத்தை 40ல் வைத்தால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து மரச்சட்டத்தில் பூசணம் பூக்கும் என்று அவள் 30க்குக் கீழே திருப்பி வைக்கிறாள். அதாவது, குளிர்ந்த காற்றைச் சூடாக்கும் ஊரில் காற்று வறளும். சூடான ஈரக்காற்றைக் குளிர்விக்கும் ஊரில் நடப்பது வேறு. இரண்டும் தலைகீழ். சித்தி கம்பளிக் கோட்டை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்தார், கருத்தை மட்டும் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

"டாக்டர்களே சொல்றாங்களே" என்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சளி பிடித்த குழந்தைக்குக் குளிர்ந்த பனிபோல் ஊதும் ஹியூமிடிஃபயரைப் பரிந்துரைப்பது உண்மை. அதை மறைத்துவிட்டு வாதாட விரும்பவில்லை. ஈரக்காற்றில் சிலருக்கு மூக்கு இதமாக இருக்கலாம். இதம் வேறு, மருந்து வேறு. குரூப் என்ற, நாய் குரைப்பதுபோல் வரும் குழந்தை இருமலுக்குப் பரம்பரை பரம்பரையாக ஈரக்காற்றுதான் வைத்தியம் என்று மேலைநாடுகளில் நம்பினார்கள். டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் 140 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நூறு சதவீத ஈரக்காற்று, ஒரு பிரிவுக்கு நாற்பது, இன்னொன்றுக்கு வெறுமனே முகத்தருகே ஊதும் ஈரக்காற்று என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2006ல் முடிவு வந்தது: மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. குளிர்காலம் ஆளைக் கொல்லும் ஊரிலேயே கதை இப்படி.

"சரி, நல்லது செய்யலேன்னா போகட்டும். வெறும் தண்ணிதானே, கெடுதல் என்ன?" இது பக்கத்து ஃபிளாட் அம்மாவின் கடைசி அஸ்திரம். நான் மிகவும் அஞ்சுவது இந்த வாக்கியத்துக்குத்தான்.

வெறும் தண்ணீர் இல்லை. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அல்ட்ராசோனிக் வகை. அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்து தண்ணீரைத் துகளாகச் சிதறடிக்கும். கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். இதில் தண்ணீரில் உள்ளதெல்லாம் துளியோடு சேர்ந்து காற்றில் ஏறும். துளி உலர்ந்ததும் உப்புத்தூள் மட்டும் மிதக்கும். மகள் வீட்டில் மூன்று வாரத்தில் கறுப்பு டிவியின் மேல்விளிம்பில் விபூதிபோல ஒரு படலம். விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (வீட்டுக்காரி திட்டினாள்). சுண்ணாம்புக் கரகரப்பு. போர் தண்ணீரைத்தான் மாப்பிள்ளை ஊற்றியிருக்கிறார்.

அந்த அடுக்ககத்துப் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகள், லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம். சென்னையில் இது அதிசயம் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் 500ஐ ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கிறது. மணிக்கு 300 மில்லி வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 2.4 லிட்டர். அதாவது கிட்டத்தட்ட இரண்டரைக் கிராம் கனிமத் தூள், முப்பது கன மீட்டர் அறைக்குள். பெரும்பங்கு படுக்கையிலும் தரையிலும் படிந்துவிடும் என்றே வையுங்கள். நூற்றில் ஒரு பங்கு மட்டும் மிதந்தாலும் கன மீட்டருக்கு 800 மைக்ரோகிராம். பி.எம். 2.5 என்னும் நுண்தூசிக்கு ஒரு நாள் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் 15 மைக்ரோகிராமும் நம் நாட்டுத் தரம் 60ம் வைத்திருக்கின்றன. டெல்லிப் புகை என்று டிவியில் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, குழந்தையின் தொட்டிலருகே ஒரு டெல்லியைச் செருகி வைத்திருக்கிறோம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இது பத்தில் ஒன்றாகக் குறையும், அறவே போகாது.

உப்போடு கிருமியும் ஏறும். தொட்டியில் நின்ற தண்ணீர் ஒரே நாளில் வழவழப்பு காட்டும். தினமும் நீரைக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். கைக்குழந்தை வீட்டில் தூக்கமில்லாமல் தள்ளாடும் தாயிடம் இந்த வேலையையும் கொடுக்கிறோம். அவள் முதல் வாரம் செய்வாள். பிறகு?

பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் தென் கொரியா ரத்தத்தில் எழுதிய பதில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் நிஜமாகவே வறண்டது. வீட்டுக்கு வீடு ஹியூமிடிஃபயர். தொட்டி கழுவும் தொல்லை வேண்டாம், இதை ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று 1994 முதல் கிருமிநாசினி திரவங்கள் கடைக்கு வந்தன. தரை துடைக்க, துணி சுத்தம் செய்யப் பழகிய ரசாயனங்கள். தோலில் பட்டால் பெரிய கெடுதல் இல்லை என்று விற்றார்கள். மூச்சில் போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. 2011 வசந்தத்தில் சியோலில் ஒரு மருத்துவமனையில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற பெண்களும் காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகி வந்து விழுந்தார்கள். அந்த வருஷமே அரசு காரணத்தைக் கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தியது. அதற்குள் பதினேழு வருஷம் ஓடியிருந்தது. இறந்தவர்கள் என்று முறையிடப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அதில் சின்னக் குழந்தைகள் நிறையப் பேர். அந்த மூடியைத் திறந்த பெற்றோர் குழந்தையின் நலனுக்காகவே திறந்தார்கள்.

நம் ஊரில் அந்தத் திரவம் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்த அம்மாமார் தொட்டியில் ஊற்றச் சொல்வது நீலகிரித் தைலம், பச்சைக் கற்பூரம், லாவெண்டர் எண்ணெய். கற்பூரம் கைக்குழந்தைக்கு விஷம், வலிப்பே வரலாம். நெஞ்சுச்சளித் தைலங்களின் டப்பாவிலேயே இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் தமிழ்நாட்டில் எங்கேயும் எப்போதும் ஈரம் ஏற்றவே கூடாது என்று அர்த்தமில்லை. சித்திரை மதியத்தில் கரூரிலும் வேலூரிலும் காற்று நிஜமாகவே காயும். தீக்குச்சித் தொழில் சிவகாசியில் வேர்பிடித்ததற்கு அந்த வட்டாரத்து வறட்சியும் ஒரு காரணம். கடலோரத்தில் தீக்குச்சி மருந்து நமத்துவிடும். அப்படிப்பட்ட ஊர்களில் நம்மவர் ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். பெயர் வைக்கவில்லையே தவிர அது ஹியூமிடிஃபயர்தான். இன்றைய ஏர் கூலரும் அதேதான். மதுரையில் மதியம் சுகமாக இருக்கும் கூலர், சென்னையில் ஏன் ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கிறது என்று நொந்துகொள்பவர்கள், வாங்கும் முன் ஊரை விசாரிக்காதவர்கள். மாசி, பங்குனியில் பெங்களூருவின் மதியமும் வறள்வதுண்டு. தொண்டையில் துளையிட்டு மூச்சுவிடும் நோயாளிக்கு, மூக்கு செய்யும் வேலையைக் கருவி செய்தாக வேண்டும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம், கடைப் பையனுடையது இல்லை. நான் சண்டை போடுவது கருவியோடு அல்ல. அளக்காமல் வாங்குகிற பழக்கத்தோடு.

அளப்பது கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் முன்னூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மலிவுச் சரக்கு என்பதால் நான் நம்பவில்லை. முதலில் அதற்கே பரீட்சை வைத்தேன். ஒரு சின்ன மூடியில் கல் உப்பைப் போட்டு, கரையாதபடி சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு சேர்த்து இறுக மூடும் டிபன் டப்பாவில் வைத்து மூடினேன். ஈர உப்புக்கு மேலே அடைபட்ட காற்று 75 சதவீதத்தில்தான் போய் நிற்கும். அதுதான் இயற்கை. மறுநாள் காலையில் திறக்காமலே பார்த்தேன். என் மீட்டர் 73 காட்டியது. இரண்டைக் கூட்டிக்கொண்டால் போதும். மேலே சொன்ன 54ம் 68ம் கூட்டிய பிறகு வந்த கணக்கு. சமையலறை உப்பு ஜாடியின் ரகசியமும் இதில்தான். காற்று 75ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியும். ஜாடியில் தண்ணீர் நிற்கிற வீட்டில் ஈரம் குறைவு என்று சொல்பவர்களுக்கு அந்த ஜாடியையே பதிலாக நீட்டலாம்.

மகள் யானையை நிறுத்திவிட்டாள். கட்டிலை ஏ.சி.க்கு நேரிலிருந்து சுவர் ஓரமாக நகர்த்தினோம், ஃபில்டரைக் கழுவினோம். குளியலறைக் குழாயடியில் சாம்பல் நிறக் கூழாக ஓடியதைப் பார்த்து மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பேரனின் மூக்கு அந்த வாரமே சரியானது; சளி எப்படியும் ஒரு வாரத்தில் போகும், அதை என் வெற்றி என்று எழுதிக்கொள்ள மாட்டேன். யானை இப்போது அவன் விளையாட்டுச் சாமான். தும்பிக்கையைக் கடித்துக்கொண்டிருக்கிறான், பல் முளைக்கும் நேரம்.

பக்கத்து ஃபிளாட் அம்மா மட்டும் மசியவில்லை. போன வாரம் மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஹியூமிடிஃபயர் ஓடும் அவர் பேத்தியின் அறையில் 79 காட்டியதாம். மாலையில் கதவைத் தட்டினார். "உங்க மீட்டர் பொய் சொல்லுதுங்க சார்."

உள்ளே போய் டிபன் டப்பாவையும் ஒரு பிடி கல் உப்பையும் கொண்டுவந்து கொடுத்தேன்.